ஊசி போட்டும் அடங்காத மாடு

கோழியின் பயத்தை அளக்க ஒரு பழைய சோதனை உண்டு. கோழியை மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் மேல் கையை வைத்துப் பத்துப் பதினைந்து வினாடி லேசாக அழுத்திப் பிடிப்பார்கள். அப்புறம் கையை எடுத்துவிடுவார்கள். கோழி உடனே எழுந்து ஓடாது. காலை விறைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். சில கோழிகள் அரை நிமிடத்தில் துள்ளி எழுந்துவிடும். சிலது பல நிமிடம் ஆனாலும் எழாது. முதல்முறை பார்ப்பவர்கள் "எவ்வளவு சாதுவா கிடக்கு பாருங்க" என்பார்கள். உண்மையில் அந்தக் கோழி பயத்தின் உச்சியில் இருக்கிறது. வேட்டை விலங்கிடம் சிக்கிய பறவை கடைசியாகச் செய்யக்கூடிய காரியம் அது. செத்ததுபோல் கிடந்தால் பிடி தளரலாம். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு பயம் என்பது கணக்கு. பறவைகளின் முக்கிய அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டிரோனைக் கோழிகளின் உடலில் தொடர்ந்து செலுத்திப் பார்த்தபோது அவை இன்னும் அதிக நேரம் கிடந்தன.

அசையாமல் இருக்கும் விலங்கு மூன்று காரணங்களால் அப்படி இருக்கலாம். நிம்மதியாக இருக்கலாம், பயத்தில் உறைந்திருக்கலாம், மருந்தின் பிடியில் இருக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். கால்நடை மருத்துவம் படித்துவிட்டுப் பண்ணைகளில் வேலை பார்க்கும் எனக்கு, இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் தொழிலில் பாதி என்று தோன்றுகிறது. மருந்து எடுப்பதும் ஊசி போடுவதும் மீதிப் பாதி.

பயந்த விலங்கின் உடலுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை நொடிக்கணக்கில் முடியும். உடலை அவசரத்துக்குத் தயார்செய்யும் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்பட்டு, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் ரத்தத்தில் கொட்டும். இதயம் வேகமெடுக்கும், கண்மணி விரியும், குடலுக்குப் போக வேண்டிய ரத்தம் தசைக்குத் திரும்பும். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915 வாக்கிலேயே இதை விவரித்துவிட்டார்: எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடல் தயாராகிறது. இரண்டாவது வேலை நிமிடக்கணக்கில் நடக்கும். மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்பும். பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியைத் தூண்டிக் கார்டிசோலைச் சுரக்கவைக்கும். இது உச்சத்துக்குப் போகக் கால் மணி, அரை மணி நேரம் ஆகும். மாடு, ஆடு, பன்றி, குதிரை எல்லாவற்றுக்கும் கார்டிசோல்தான் முதன்மை. கோழி வகைகளில்தான் மேலே சொன்ன கார்டிகோஸ்டிரோன்.

இந்த முதல் வேலையின் விளைவைக் கறவை மாடு வைத்திருக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். புது ஆள் வந்து மடியில் கை வைத்தால் மாடு பாலை எக்கிக்கொள்ளும். மடி நிறைந்திருக்கும், காம்பில் ஒன்றும் வராது. 1941-ல் அமெரிக்காவில் பீட்டர்சன் என்பவரும் அவருடைய சகாவும் இதைச் சோதித்த விதம் இன்று படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும். பசுவின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, பக்கத்தில் காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள். பால் இறங்கவில்லை. அட்ரினலின் ஊசி போட்டபோதும் அப்படியேதான். பால் இறங்க ஆக்சிடோசின் வேண்டும். மடியைக் கழுவித் தடவும்போது மூளையிலிருந்து வரும் ஹார்மோன் அது. அட்ரினலின் மடிக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுருக்கி, ஆக்சிடோசினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள்.

பிற்காலத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பழக்கமில்லாத இடத்தில் கறக்கும்போது பல மாடுகளில் ஆக்சிடோசின் மூளையிலிருந்தே வெளியே வருவதில்லை. தலையீத்துக் கிடேரிகள் முதல் சில கறவையில் படுத்தும் பாட்டுக்கு இதுவும் காரணம். அதாவது மடியில் கோளாறு எதுவும் கிடையாது, தடை மேலே இருக்கிறது. அப்படிப்பட்ட மாட்டுக்கு ஆக்சிடோசின் ஊசி போட்டால் பால் இறங்கிவிடும். இறங்குவதால்தான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது. இரண்டு நாள் போட்டவர் மூன்றாம் நாளும் போடுவார், அப்புறம் தினமும். தொடர்ந்து போட்டால், ஊசி இல்லாமல் பால் விடும் திறன் மாட்டுக்குக் குறைந்துபோகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஹார்மோனை வெளியிலிருந்து ஊற்றுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. மாடு இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறது, பால் மட்டும் வருகிறது.

சரி, பயத்தை அளக்கக் கார்டிசோலைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ரத்தம் எடுக்க மாட்டைப் பிடித்துக் கட்டினாலே கார்டிசோல் ஏற ஆரம்பித்துவிடும். பிடித்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் பிடிப்பதற்கு முன்னால் இருந்த அளவு கிடைக்கும். அதற்கு மேல் போனால் நாம் அளப்பது நம்மைப் பார்த்து வந்த பயத்தை. அதனால் ஆய்வாளர்கள் வேறு வழி தேடினார்கள். பன்றிக்குப் பஞ்சுத் திரியைக் கட்டித் தொங்கவிட்டால் அது தானாகவே வந்து மெல்லும். ஊறிய எச்சிலில் கார்டிசோலைப் பார்க்கலாம். சாணத்தில் கார்டிசோலின் சிதைபொருள்களைப் பார்க்கலாம். மாட்டில் அது சுமார் அரை நாளுக்கு முன்னால் ரத்தத்தில் என்ன நடந்தது என்பதைக் காட்டும். முடியில் பார்த்தால் வாரக்கணக்கு, மாதக்கணக்கு தெரியும். பாலிலும் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தைப் பற்றிய சாட்சி.

இவ்வளவு பாடுபட்டு அளந்தாலும், கூடியிருந்தால் துன்பம், குறைந்திருந்தால் சுகம் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. பொலிகாளை பசுவின் மேல் ஏறும்போதும் கார்டிசோல் ஏறும். ஓடினாலும் ஏறும். பன்றிகளில் எதுவும் நடக்காமலே காலையில் கூடி, மாலையில் குறையும். இதையெல்லாம்விடக் குழப்பமானது நாள்பட்ட அழுத்தம். மாதக்கணக்காக ஒரே இடத்தில் கட்டிப்போட்ட விலங்கின் கார்டிசோல் அளவு சில சமயம் சாதாரணமாகவே இருக்கும். உடல் அந்த அளவுக்குத் தன்னைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட விலங்குக்கு ஏசிடிஎச் ஊசி போட்டு, அட்ரினல் சுரப்பி எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்தால்தான் உள்ளே நடந்த மாற்றம் வெளியே வரும்.

கட்டிப்போட்ட தாய்ப்பன்றிகளைப் பற்றி 1985-ல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மறக்காது. குறுகிய கொட்டிலில் சங்கிலியால் கட்டப்பட்ட பன்றிகள் எதிரே இருக்கும் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும், வாயில் ஒன்றுமில்லாமல் மென்றுகொண்டே இருக்கும். ஒரே அசைவு, மணிக்கணக்கில். க்ரோனின் குழுவினர் அந்தப் பன்றிகளுக்கு நலோக்சோன் கொடுத்துப் பார்த்தார்கள். அபின் வகை மருந்துகள் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும் மருந்து அது. கடிப்பது குறைந்தது. உடல் தனக்குத்தானே தயாரிக்கும் எண்டார்பின் இந்தப் பழக்கத்தில் கலந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். பன்றி தன் மருந்தைத் தானே போட்டுக்கொள்கிறது என்று இதை விளக்குபவர்கள் உண்டு. எல்லோரும் அதை ஏற்பதில்லை, ஆனாலும் அந்தக் கம்பியின் தேய்ந்த வழவழப்பைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கத்தை ஒதுக்கித் தள்ளுவது கஷ்டம்.

இனி மருந்துக்கு வருவோம்.

மாடு வைத்திருப்பவர்கள் 'மயக்க ஊசி' என்று கேட்டால் பெரும்பாலும் நாங்கள் கையில் எடுப்பது சைலசின். 1962-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பிறந்த மருந்து. மனிதர்களின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம் என்று பார்த்தார்கள்; ஆளையே அசத்திப் போட்டதால் மனித மருத்துவத்திலிருந்து கழன்று விலங்குகளுக்கு வந்து சேர்ந்தது. அது வேலை செய்யும் விதம் அழகானது. மூளையில் விழிப்பையும் பதற்றத்தையும் நடத்தும் நரம்புகள் நார்அட்ரினலினை விடுகின்றன. அதிகமாகிவிடாமல் பார்த்துக்கொள்ள அந்த நரம்பு நுனியிலேயே ஒரு பிரேக் இருக்கிறது. ஆல்பா-2 ஏற்பி என்பார்கள். வெளியே வந்த நார்அட்ரினலினே திரும்பி வந்து அதை அழுத்தும், சுரப்பு குறையும். சைலசின் நேராகப் போய் அந்தப் பிரேக்கை மிதிக்கிறது.

இது தெரிந்தால், மிரண்ட மாட்டுக்கு ஊசி ஏன் சரியாகப் பிடிப்பதில்லை என்பதும் தெரிந்துவிடும். துரத்திப் பிடித்த மாட்டின் உடலில் ஏற்கெனவே அட்ரினலினும் நார்அட்ரினலினும் வெள்ளமாகப் பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த வேகத்துக்கு முன்னால் சரியான அளவு மருந்துகூட ஈடுகொடுக்காது.

பயிற்சிக் காலத்தில் ஒரு மூத்த மருத்துவரோடு போயிருந்தபோது இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குளம்பில் சீழ் வைத்த பசு. நாலு பேர் விரட்டி, கயிறு வீசி, ஒரு மரத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். நாங்கள் போனபோது அதன் விலா மூச்சு வாங்கி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, கண்ணில் வெள்ளை விழி பிறை மாதிரி தெரிந்தது. கட்டினவர்கள் அவசரப்பட்டதால் ஊசி போட்டாயிற்று. பத்து நிமிடம் ஆகியும் மாடு நின்ற இடத்தில் சுழன்றுகொண்டே இருந்தது.

"டாக்டர், இன்னொன்னு போட்ருங்க. அடங்க மாட்டேங்குது."

"இன்னொன்னு போட்டா விழுந்துரும்யா, அடங்காது. எல்லாரும் அந்தப் பக்கம் போங்க. பேசாதீங்க. அந்தக் குட்டி நாயையும் கூட்டிட்டுப் போங்க."

எல்லோரும் போனார்கள். கண்ணை ஒரு சாக்கால் மறைக்கச் சொன்னார். பக்கத்தில் இன்னொரு மாட்டைக் கொண்டுவந்து கட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் முதலில் காது தொங்கியது. அப்புறம் கீழ் உதடு தளர்ந்து, அதிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொட்டது. தலை முழங்கால் உயரத்துக்கு வந்தது. பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதுபோல் லேசாகப் பின்னின. அவர் என் கையைப் பிடித்து மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழியில் வைத்தார். சாதாரணமாக நிமிடத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ அசையூண் பை, அதாவது வயிற்றின் பெரிய அறை, உருண்டு கையைத் தள்ளும். ஒன்றும் தள்ளவில்லை. "வயித்தையும் சேர்த்துத்தான் தூங்க வைக்கிறோம், ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார்.

அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். அசைபோடும் விலங்குகளுக்குச் சைலசின் கொடுத்தால் அசையூண் பையின் அசைவு நின்றுபோகும், வாயு வெளியேறாமல் வயிறு உப்பும், தீனி மேலே ஏறி மூச்சுக்குழாயில் போகவும் வாய்ப்பு உண்டு. இன்சுலின் சுரப்பு அடங்கி ரத்தச் சர்க்கரை ஏறும். சிறுநீர் அதிகம் போகும். நிறைசினை மாட்டில் கருப்பையைச் சுருங்கவைக்கும், அதனால் கடைசி மாதங்களில் தவிர்ப்பார்கள். செம்மறிகளில் நுரையீரலைப் பாதித்து ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைக்கும்.

விலங்குக்கு விலங்கு இருக்கும் வித்தியாசம்தான் இன்னும் ஆச்சரியம். குதிரைக்கு நரம்பில் போடும் வழக்கமான அளவு, கிலோ எடைக்கு 1.1 மில்லிகிராம். மாட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். வெள்ளாடும் மாட்டைப் போலவே சட்டென்று சாய்ந்துவிடும். பன்றியோ, இவை எல்லாவற்றையும்விட அதிகம் கொடுத்தாலும் உங்களைப் பார்த்து உறுமும். மருந்தே ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என்று வெவ்வேறு வலிமையில் வருகிறது. குதிரைப் புட்டியை மாட்டுக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிரையிடம் இன்னொரு பாடம் உண்டு. சைலசின் போட்ட குதிரை தலையைத் தரைவரை தொங்கப்போட்டு, பார்ப்பதற்கு உலகமே தெரியாததுபோல் நிற்கும். நீங்கள் பின்னங்காலைத் தொடுவீர்கள். தொட்ட நொடியில், குறி தவறாமல் ஓர் உதை வரும். அப்புறம் தலை அப்படியே தொங்கிக்கொள்ளும். மருந்து விழிப்பைக் குறைத்திருக்கிறது, தற்காப்பை அணைக்கவில்லை. மருந்து போடாத குதிரையாவது உதைப்பதற்கு முன்னால் காதை மடக்கிக் காட்டும், வாலை அடிக்கும். மருந்து அந்த முன்னறிவிப்பை மட்டும் அழித்துவிட்டு உதையை விட்டுவைக்கிறது.

வலி விஷயத்திலும் இதே கதைதான். கன்றுகளுக்குக் கொம்பு எடுக்கும்போது நியூசிலாந்தில் மெல்லர், ஸ்டாஃபோர்ட் குழுவினர் பல வருடம் கார்டிசோலைத் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். மருந்து எதுவும் இல்லாமல் கொம்பை வெட்டினால் அரை மணி நேரத்துக்குள் கார்டிசோல் உச்சத்துக்குப் போய், கொஞ்சம் இறங்கி, பழைய நிலைக்கு வர ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. கொம்பு நரம்பில் லிக்னோகெய்ன் போட்டு மரக்கவைத்தால் முதல் இரண்டு மணி நேரம் கோடு தட்டையாக இருக்கிறது. அப்புறம் மரப்பு விடுகிறது, கார்டிசோல் அப்போது ஏறுகிறது. தள்ளிப்போனதே ஒழியப் போகவில்லை. கூடவே கீட்டோபுரோபன் போன்ற வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால்தான் அந்த இரண்டாவது ஏற்றமும் அடங்குகிறது. சைலசின் மட்டும் போட்ட கன்று? போராடாமல் படுத்துக்கிடக்கும். வேலை செய்பவருக்குச் சுகம். ஆனால் கார்டிசோல் ஏறத்தான் செய்கிறது, குறைவாக ஏறுகிறது, அவ்வளவுதான். சைலசினுக்காவது ஓரளவு வலி குறைக்கும் குணம் உண்டு. அசிபுரோமசின் என்ற இன்னொரு சாந்த மருந்துக்கு அதுவும் கிடையாது. அதைப் போட்டுவிட்டு வலிக்கிற வேலையைச் செய்வது, விலங்கின் குரலை மட்டும் பிடுங்கிக்கொள்வது. கன்று சத்தம் போடவில்லை என்பதை வலிக்கவில்லை என்பதற்குச் சான்றாக யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

பன்றிகளின் கதை தனி. பால் மறந்த குட்டிகளை வேறு வேறு ஈற்றிலிருந்து கொண்டுவந்து ஒரே கொட்டிலில் விட்டால், யார் பெரியவர் என்று தீரும்வரை ஒன்றையொன்று கடித்துக் குதறும். இதற்கென்றே பெல்ஜியத்தின் ஜான்சன் ஆய்வகத்திலிருந்து அசப்பெரோன் என்ற சாந்த மருந்து வந்தது. ஊசி போட்டுவிட்டு இருபது நிமிடம் அந்தப் பக்கமே போகக்கூடாது. இடையில் கலைத்தால் சாந்தமாவதற்குப் பதிலாகத் துள்ளிக் குதிக்கும். கலைக்காமல் விட்டால் குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து படுத்துக்கொள்ளும். மருந்து தெளிந்ததும் பல கொட்டில்களில் அந்த விட்டுப்போன சண்டை தொடரும். வரிசை இன்னும் தீர்மானமாகவில்லை அல்லவா? தன் முதல் ஈற்றுக் குட்டிகளையே கடிக்கும் தாய்ப்பன்றிக்கு இதே மருந்து நன்றாகக் கைகொடுக்கும். அங்கே தேவை சில மணி நேரம்தான். குட்டிகள் முலையைப் பிடித்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டால் தாயின் போக்கும் மாறிவிடுகிறது. மருந்து வாங்கித் தரும் அவகாசத்துக்குள் வேறு ஏதாவது நல்லது நடக்க வேண்டும். நடக்கும் இடத்தில் அது பயனுள்ள மருந்து, நடக்காத இடத்தில் வெறும் ஒத்திவைப்பு.

பன்றிகளில் மயக்க மருந்தே ஒரு காலத்தில் சோதனைக் கருவியாகவும் இருந்தது. வேகமாக வளரும், கறி நிறைந்த சில இனங்களில் பன்றிகள் வண்டியில் ஏற்றும்போதும் வெயிலிலும் சண்டையிலும் திடீரென்று விறைத்து, உடல் கொதித்துச் செத்துப்போயின. 1970-களில் குட்டிகளுக்கு முகமூடி வழியாகச் சில நிமிடம் ஹாலோத்தேன் வாயுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றக் குட்டிகள் தளர்ந்து மயங்கின. இந்தக் கோளாறு உள்ளவை கால்கள் விறைத்துக் கம்பாகின. தளரவைக்க வேண்டிய மருந்து விறைக்கவைத்தது. 1991-ல் காரணம் கிடைத்தது: தசைக்குள் கால்சியத்தை வெளியேவிடும் வாயில் ஒன்றின் மரபணுவில் ஒற்றை எழுத்து மாற்றம். அந்தப் பன்றிகளின் இறைச்சி வெளுத்து, தொளதொளத்து, நீர் விட்டுக்கொண்டிருக்கும். மாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. நெடுந்தூரம் வண்டியில் வந்து, தெரியாத மாடுகளோடு முட்டி மோதி, பட்டினி கிடந்து வெட்டுக்குப் போகும் மாட்டில், அட்ரினலின் தசையில் சேமித்திருந்த சர்க்கரையான கிளைக்கோஜனைத் தீர்த்துவிட்டிருக்கும். வெட்டிய பிறகு அமிலமாக மாற அங்கே சரக்கு இல்லை. சாதாரணமாக 5.5-க்கு அருகே இறங்க வேண்டிய அமிலகாரக் குறியீடு (pH) 6-க்கு மேலேயே நிற்கும். இறைச்சி கறுத்து, வறண்டு, சீக்கிரம் கெடும்.

அப்படியென்றால் வண்டியில் ஏற்றும்போது ஒரு சாந்த ஊசி போட்டுவிடலாமே? போட்டார்கள். வெட்டுக்குப் போகும் சில மணி நேரத்துக்கு முன்னால் போட்ட மருந்து இறைச்சியில், குறிப்பாக ஊசி குத்திய இடத்தில், அப்படியே இருக்கும் என்பதால் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு இதை ஆராய்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு குளோர்புரோமசின் என்ற சாந்த மருந்தைக் கொடுக்கவே தடை. அசப்பெரோனுக்கு, இறைச்சியில் எவ்வளவு மீதம் இருக்கலாம் என்ற எச்ச வரம்பு வைத்தார்கள். எனக்கு இதில் கவலை எச்சத்தைப் பற்றி மட்டும் இல்லை. ஓடும் வண்டியில் நிற்க முடியாத விலங்கு கீழே விழும், மற்றவை மிதிக்கும். சாந்த மருந்துகள் பலவும் ரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனையும் குறைப்பவை.

இவ்வளவு திட்டிவிட்டேன், மருந்தின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். விலங்கிடம் கேள்வி கேட்கவும் மருந்து உதவும். மாட்டின் கண்ணில் வெள்ளை விழி எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து அதன் மனநிலையைச் சொல்லலாம் என்று நார்வே ஆய்வாளர்கள் சொல்லிவந்தார்கள். அது வெறும் கண் அசைவா, உணர்ச்சியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 2006-ல் அவர்கள் மாடுகளுக்கு டயசிபாம் கொடுத்துப் பார்த்தார்கள். பதற்றத்தைத் தணிக்கும் மருந்து வெள்ளை விழியையும் குறைத்தது. ஆக, அந்த வெள்ளைக்குப் பின்னால் இருப்பது பதற்றம்தான். ஆஸ்திரேலியாவில் 2016-ல் செம்மறிகளுக்கு ஒரு ஜன்னல் வழியாகச் சில நொடி நாயைக் காட்டிவிட்டு மூடினார்கள். பதற்றத்தைக் கூட்டும் மருந்து கொடுத்த ஆடுகள் நாய் போன பிறகும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு, தீனியைத் தொடத் தயங்கின. டயசிபாம் கொடுத்தவை சீக்கிரம் தீனிக்குத் திரும்பின. ஆட்டுக்குப் பதற்றம் உண்டா என்று தத்துவம் பேசுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: மனிதனின் பதற்றத்தை மாற்றும் அதே வகை மருந்து ஆட்டின் நடத்தையையும் அதே திசையில் மாற்றுகிறது.

மருந்தில்லாத சாந்தி என்றால் எனக்குப் பிடித்தது 2004-ல் வந்த செம்மறி ஆய்வு. செம்மறியைத் தனியாக அடைத்தால் கத்தும், சுற்றும், கார்டிசோலும் அட்ரினலினும் ஏறும். அப்படித் தனியாக அடைத்த ஆட்டுக்குப் பழகிய இன ஆட்டின் முகப் படத்தைக் காட்டினார்கள். கத்துவது குறைந்தது, இதயத் துடிப்பு குறைந்தது, ஹார்மோன் இரண்டும் குறைந்தன. வெறும் படம்! வெள்ளாட்டின் படத்துக்கும் முக்கோணத்துக்கும் அந்தப் பலன் இல்லை. அந்த மூத்த மருத்துவர் இன்னொரு மாட்டைப் பக்கத்தில் கட்டச் சொன்னது இந்த ஆய்வைப் படித்துவிட்டு அல்ல என்று நினைக்கிறேன். எதிர்ப்பக்கத்துக்கு, ஆஸ்திரேலியாவில் ஹெம்ஸ்வொர்த்தின் பன்றி ஆய்வுகள்: ஆள் வந்தாலே அடியோ மின்குச்சியோ என்று பழகிய பன்றிகளில் ஆள் இல்லாத நேரத்திலும் கார்டிசோல் கூடியிருந்தது, சினைபிடிப்பது குறைந்தது. வேலையாளின் கை, மாதக்கணக்கில் வேலை செய்யும் ஒரு மருந்து. நல்லதாகவும் இருக்கும், கெட்டதாகவும் இருக்கும்.

இதைப் படிப்பவர்களில் மாடு வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். மருத்துவர் ஊசி போட வருகிறார் என்றால், அவர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே மாட்டைப் பிடித்துக் கட்டி, நிழலில் ஆறவிடுங்கள். துரத்திக்கொண்டே காத்திருக்காதீர்கள். சினை எத்தனை மாதம், கடைசியாகத் தீனி எப்போது என்று அவரிடம் சொல்லுங்கள். ஊசி போட்டதும் கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடு படுத்துவிட்டால் பக்கவாட்டில் சாயவிடாமல் நெஞ்சின் மேல் உட்காரவையுங்கள், முதுகுக்கு வைக்கோல் கட்டு முட்டுக் கொடுக்கலாம். வாய் தொண்டையைவிடத் தாழ்ந்திருந்தால் எச்சில் வெளியே வடியும், உள்ளே போகாது. இடது பக்கம் உப்புகிறதா என்று பாருங்கள். நன்றாகத் தெளிந்து நடக்கும்வரை தண்ணீர் வைக்காதீர்கள், தீனி போடாதீர்கள். எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், எழுந்து நின்றவுடன் மந்தையில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் மாட்டுக்குப் பெரிய மாடு வரும்போது ஒதுங்கத் தெரியாது. மற்ற மாடுகளுக்கு அது ஊசி போட்ட மாடு என்று தெரியாது, வழிவிட மறுக்கும் மாடு என்றுதான் தெரியும், முட்டிவிடும்.